ஈஸி கால் மெஷினுக்கு, எரிச்சல் கால் எனக்கா?

வாசகர் கேள்வி – பதில்: அலுவலகத்தில் ஏஐ

ஏஐ வந்தால் வேலை போய்விடுமா என்று கேட்ட கடிதங்களை இந்த முறை தனியே எடுத்து வைத்துவிட்டோம். வேலை இருக்கிறது, சம்பளமும் வருகிறது, ஆனால் பழைய பிடிப்பு இல்லை என்று எழுதியவர்களுக்கே இந்தப் பக்கங்கள். பெயர்களைத் தவிர்த்து, வேலையையும் ஊரையும் மட்டும் கொடுத்திருக்கிறோம்.

*

எங்கள் கஸ்டமர் கேர் டீமில் 36 பேர். மூன்று மாதமாக, போன் கால் ஓடும்போதே திரையின் ஓரத்தில் 'இப்படிச் சொல்லலாம்' என்று யோசனை காட்டும் ஏஐ சாஃப்ட்வேர் ஓடுகிறது. புதுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஐந்தாறு வருஷம் இருக்கிற சீனியர்கள் முகம் கொடுத்தே பேசுவதில்லை. ஒருவர் பேப்பர் போட்டுவிட்டார். 'மாற்றம் பிடிக்காதவர்கள்' என்கிறது மேனேஜ்மென்ட். அதுதான் காரணமா?
— டீம் லீட், பெருங்குடி, சென்னை

உங்கள் சீனியர்கள் கணக்குத் தெரிந்தவர்கள், அவ்வளவுதான். எரிக் பிரின்யோல்ஃப்சன், டேனியல் லி, லிண்ட்சே ரேமண்ட் என்ற மூவர் இதே மாதிரி சாஃப்ட்வேரை 5,179 கஸ்டமர் சப்போர்ட் ஊழியர்களிடம் ஆராய்ந்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் தீர்த்து வைத்த புகார்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கும் திறமை குறைந்தவர்களுக்கும் 34 சதவீதம். அனுபவசாலிகளுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஏஐ துணையோடு இரண்டு மாதம் வேலை பார்த்தவர், துணை இல்லாமல் ஆறு மாதம் பார்த்தவருக்குச் சமமாக நின்றார். வேலையை விட்டுப் போவதும் குறைந்தது. அதுவும் முக்கியமாகப் புதியவர்களிடம்தான்.

காரணம் எளிது. சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டது யாரிடம்? கெட்டிக்கார ஏஜென்ட்டுகளின் பழைய உரையாடல்களிடம். ஐந்து வருஷம் வசவு வாங்கிக் கற்ற வித்தை, நேற்று சேர்ந்தவரின் திரையில் இனாமாக வந்து நிற்கிறது. கற்றுக் கொடுத்தவருக்கு அதற்கு ஒரு பைசா இல்லை. உங்கள் இன்சென்டிவ் 'டீமில் முதல் 10 பேர்' என்கிற மாதிரி ஒப்பீட்டில் ஓடுகிறதென்றால் நிலைமை இன்னும் மோசம்: சீனியர் அதே இடத்தில் நிற்க, கீழே இருந்தவர்கள் மேலே வந்துவிட்டார்கள். அவர் எந்தத் தப்பும் செய்யாமலேயே மாதக் கடைசியில் தொகை குறைகிறது.

பணத்தில் வராத இன்னொரு நஷ்டமும் உண்டு. முன்பெல்லாம் மியூட் போட்டுவிட்டு, "அக்கா, இதுக்கு என்ன சொல்றது?" என்று பக்கத்து சீட்டில் கேட்பார்கள். ஒரு நாளைக்கு எட்டு, பத்து தடவை. தொந்தரவாகத் தெரிந்தாலும், 'இந்த ஃப்ளோரில் நான் ஒரு ஆள்' என்ற எண்ணத்தைத் தந்தது அதுதான். இப்போது யாரும் கேட்பதில்லை.

செய்ய வேண்டியவை. முதலில், தானாக எழும்பும் யோசனைப் பெட்டியை நிறுத்திக்கொள்ளும் வசதியைச் சீனியர்களுக்குக் கொடுங்கள். அவர் பதிலைப் பாதி சொல்லி முடித்த பிறகு பெட்டி எழும்பினால் கண் அங்கே போகும், பேச்சு தடுமாறும். தேவைப்பட்டால் ஒரு கீயை அழுத்தித் தேடிக்கொள்ளட்டும். அடுத்து, குறைந்தது இரண்டு காலாண்டுகளுக்கு ஒப்பீட்டு ரேங்க்கை நிறுத்தி, அவரவர் பழைய சராசரியோடு ஒப்பிட்டு இன்சென்டிவ் கொடுங்கள். மூன்றாவதாக, ஏஜென்ட்டுகள் அதிகம் நிராகரிக்கும் யோசனைகளைத் திருத்தும் பொறுப்பைச் சீனியர்களில் இரண்டு மூன்று பேரிடம் கொடுங்கள். வாரம் 2 மணி நேரம் போதும். அந்த 2 மணி நேரத்தை ரோஸ்டர் என்கிற ஷிஃப்ட் அட்டவணையிலேயே கழித்துவிட வேண்டும். கால் எண்ணிக்கையைக் குறைக்காமல் இதையும் தலையில் கட்டினால், கௌரவம் என்று நீங்கள் கொடுத்தது தண்டனையாகத்தான் போய்ச் சேரும்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். 'ஏஐ யோசனையை எத்தனை சதவீதம் ஏற்றார்' என்பதை டார்கெட் ஆக்காதீர்கள். ஆக்கினால் சாட் ஏஜென்ட்டுகள் யோசனையைக் கிளிக் செய்வார்கள், பெட்டியில் விழுந்ததை முழுக்க அழிப்பார்கள், சொந்தமாக டைப் செய்து அனுப்புவார்கள். டாஷ்போர்டில் 90 சதவீதம் என்று மின்னும். அந்தப் பொய்யை வைத்துத்தான் அடுத்த வெர்ஷன் பாடம் படிக்கும்.

*

பேலன்ஸ் கேட்பது, பாஸ்வேர்டு மாற்றுவது, ஆர்டர் எங்கே என்பது எல்லாம் இப்போது சாட்பாட் பார்த்துக்கொள்கிறது. எனக்கு வருவது எல்லாம் அந்தச் சாட்பாட்டிடம் சண்டை போட்டு, கொதித்துப் போய் வருகிற கால்கள். ஏஹெச்டி (ஒரு காலுக்கு ஆகும் சராசரி நேரம்) டார்கெட் மட்டும் அதே 5 நிமிஷம். 'மெஷின் உன் சுமையைக் குறைச்சிருக்கே' என்கிறார் மேனேஜர். எனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லையா?
— பிபிஓ ஊழியர், சரவணம்பட்டி, கோவை

உங்கள் சாமர்த்தியத்தில் குறை இல்லை. மேனேஜர் சராசரியைப் பார்க்கிறார், கலவையைப் பார்க்கவில்லை. பேப்பரை எடுங்கள்.

முன்பு ஒரு ஷிஃப்டில் 60 கால் என்று வைத்துக்கொள்வோம். 40 எளியவை, தலா 3 நிமிடம்: 120 நிமிடம். 20 கஷ்டமானவை, தலா 9 நிமிடம்: 180 நிமிடம். மொத்தம் 300 நிமிடம், சராசரி 5. டார்கெட் அங்கேயிருந்துதான் வந்தது. இப்போது அந்த 40-ல் 30-ஐ பாட் விழுங்கிவிட்டது. மிச்சம் 10 எளியவை, 20 கஷ்டமானவை. 30 நிமிடமும் 180 நிமிடமும் சேர்ந்து 210. அதை 30 காலுக்கு வகுத்தால் 7. நீங்கள் ஒரு நொடிகூடத் தாமதிக்காமலே சராசரி 5-லிருந்து 7 ஆகிவிட்டது.

காலியான நேரத்தையும் கம்பெனி சும்மா விடாது. வேறு கால்களால் நிரப்பும். அதே 300 நிமிடத்தில் 7 நிமிடக் கால் என்றால் 43 வரும். அதில் 28, 29 கஷ்டமானவை. முன்பு ஒரு ஷிஃப்டில் 20 பேர் கத்தினார்கள், இப்போது 28 பேர் கத்துகிறார்கள். இரண்டு எளிய காலுக்கு ஒரு கஷ்டமான கால் என்றிருந்த கணக்கு தலைகீழாகிவிட்டது. அந்த எளிய கால்கள்தான் உங்களுக்கு மூச்சு விடும் நேரமாகவும் இருந்தன. 'ரொம்ப தேங்க்ஸ்மா' என்று வைத்துவிடுகிற வாடிக்கையாளர் எல்லாரும் அந்த 40-ல்தான் இருந்தார்கள்.

இது புதுக் கதை அல்ல. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1983-லேயே, தொழிற்சாலைக் கன்ட்ரோல் ரூம்களை வைத்து இதை எழுதிவிட்டார்: எளிதான பகுதியை மெஷினிடம் கொடுத்தால், மனிதனுக்கு மிஞ்சுவது மெஷினால் முடியாத பகுதி, அதைச் சமாளிக்கத் தேவையான கைப்பழக்கமும் இதனாலேயே குறையும்.

மேனேஜரிடம் போவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு கணக்கு வையுங்கள். நான்கு கட்டம் போதும்: நேராக வந்தது/பாட் வழியாக வந்தது, எளியது/கஷ்டமானது. ஒவ்வொரு கால் முடிந்ததும் ஒரு கோடு. 'மன அழுத்தமா இருக்கு சார்' என்றால் 'யோகா செஷன் வைக்கிறோம்' என்று பதில் வரும். '10-க்கு 7 கால் சாட்பாட்டிடம் தோற்று வருகிறது, அவற்றின் சராசரி 8 நிமிடம்' என்று உங்கள் எண்ணைக் காட்டினால் பேச்சே வேறு. கேட்க வேண்டியது மூன்று:

பாட் வழியாக வரும் காலுக்குத் தனி ஏஹெச்டி.

சாட்பாட்டில் வாடிக்கையாளர் டைப் செய்த கடைசி சில வரிகள் உங்கள் திரையில் தெரிய வேண்டும். பல இடங்களில் கேஸ் நம்பர் மட்டும்தான் வருகிறது. மூன்றாவது முறையாக 'உங்க மொபைல் நம்பர் சொல்லுங்க' என்று கேட்டவுடன்தான் அந்த மனிதர் வெடிக்கிறார். சரி செய்வது ஐடி டீமின் வேலை, திட்டு வாங்குவது நீங்கள்.

கால் முடிந்தபின் நோட்ஸ் எழுதும் நேரத்தைக் கூட்ட வேண்டும். 30 நொடி என்பது பாஸ்வேர்டு காலுக்கு வைத்த அளவு. நோட்ஸை ஏஐயே எழுதித் தருவதால் அந்த நேரத்தையும் வெட்டிய இடங்கள் உண்டு. அது நோட்ஸுக்கான நேரம் மட்டுமல்ல, அடுத்த ஆளிடம் குரல் நடுங்காமல் 'வணக்கம்' சொல்வதற்கான நேரமும்கூட என்பதை யாராவது எடுத்துச் சொல்லத்தான் வேண்டும்.

மேனேஜர் மேலிடத்தில் பேச ஒரு உதாரணம் வேண்டுமென்றால், ஸ்வீடனின் கிளார்னா என்ற பணப் பரிவர்த்தனை நிறுவனத்தைச் சொல்லச் சொல்லுங்கள். 2024 தொடக்கத்தில், தங்கள் ஏஐ உதவியாளர் 700 ஏஜென்ட்டுகளின் வேலையைச் செய்வதாக அறிவித்த கம்பெனி அது. 2025-ல் தரம் போதவில்லை என்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டு, மறுபடி ஆள் எடுக்கத் தொடங்கினார்கள்.

*

என் கால் எல்லாவற்றையும் இப்போது ஏஐ கேட்டு மார்க் போடுகிறது. முன்பு மாதம் நாலைந்து காலை மட்டும் க்யூஏ (தரம் பார்க்கும் ஊழியர்) கேட்பார். எனக்கு 'எம்பதி' (பரிவு) மார்க் 52. வாடிக்கையாளர்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்டுக் கூப்பிடுகிறார்கள், மெஷினுக்கு மட்டும் நான் கல்நெஞ்சக்காரி. எங்கே போய் முறையிடுவது?
— கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட், மதுரை

மார்க் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் சண்டை போடச் சௌகரியமாக இருக்கும். முதலில் குரல் எழுத்தாகிறது. பிறகு யார் பேசியது என்று பிரிக்கிறது. கடைசியில் அந்த எழுத்துக்கு மார்க். மூன்று இடத்திலும் சறுக்கும்.

எழுத்தாக்குவதில்: தமிழும் இங்கிலீஷும் கலந்த பேச்சில், அதுவும் மதுரை வேகத்தில், சொற்கள் சிதையும். ஆங்கிலத்திலேயே இந்தக் கோளாறு உண்டு. 2020-ல் அமெரிக்காவில் ஐந்து பெரிய கம்பெனிகளின் பேச்சறி மென்பொருள்களைச் சோதித்தபோது வெள்ளையர் பேச்சில் 100-க்கு 19 சொல் பிழை, கறுப்பினத்தவர் பேச்சில் 35.

ஆளைப் பிரிப்பதில்: ரெக்கார்டிங் ஒரே டிராக்கில் ஓடினால் வாடிக்கையாளர் போட்ட கூச்சல் உங்கள் கணக்கில் விழ வாய்ப்புண்டு. இரு தரப்பும் தனித்தனி டிராக்கில் பதிவாகிறதா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. இன்னொன்று, நாம் எதிராளி பேசும்போதே 'ம்... ம்... சரிங்க' என்று சொல்லிக்கொண்டே இருப்போம். சொல்லாவிட்டால், 'லைன்ல இருக்கியாம்மா?' என்று கேட்பார்கள். அதை 'குறுக்கே பேசினார்' என்று எண்ணும் மென்பொருள் இருக்கிறது.

மார்க் போடுவதில்: 'எம்பதி' என்றால் என்ன என்று மெஷினுக்கு யாரோ ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள். 'தங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறேன்', 'மன்னிக்கவும்' போன்ற புத்தக வாக்கியங்கள். நீங்கள், 'கவலப்படாதீங்கண்ணே, இத நான் பாத்துக்கிறேன், நாளைக்கு 11 மணிக்குள்ள நானே கூப்பிடுறேன்' என்று சொல்லியிருப்பீர்கள். மனிதக் காதுக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் கிடையாது. பட்டியலில் இல்லை, எனவே மார்க்கும் இல்லை. கொஞ்ச நாளில் ஏஜென்ட்டுகள் மார்க்குக்காக, 'புரிந்துகொள்கிறேன்' என்பதை மூன்று முறை சொல்லப் பழகுவார்கள். மார்க் ஏறும், வேலை மேல் இருந்த பற்று இறங்கும். நடிக்கிறோம் என்று தெரிந்தே நடிப்பது போல் ஆளை அரிப்பது எதுவுமில்லை.

டீமாகச் சேர்ந்து ஒரு சோதனை கேளுங்கள். 30 கால்: ஏஐ அதிக மார்க் போட்டதில் 10, நடுவில் 10, குறைவில் 10. ஏஐ மார்க்கைக் காட்டாமல் இரண்டு க்யூஏ-க்கள் தனித்தனியே மார்க் போடட்டும். இருவருமே ஒத்துப்போகாவிட்டால் கோளாறு அளவுகோலில். இருவரும் ஒத்துப்போய் ஏஐ மட்டும் விலகி நின்றால், சரி செய்யும்வரை அந்த மார்க்கை இன்சென்டிவோடு இணைக்கக் கூடாது. கூடவே முறையீட்டுக்கு வழி வேண்டும்: மார்க் வந்த 7 நாளுக்குள் கேட்கலாம், ஒரு மனிதர் காலைக் கேட்டு எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை அவர் குரலிலிருந்தோ முகத்திலிருந்தோ ஊகிக்கும் ஏஐயை, மருத்துவ, பாதுகாப்புக் காரணம் தவிர மற்றவற்றுக்கு, ஐரோப்பிய யூனியன் 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு தடை இல்லை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-வது பிரிவு, வேலை தொடர்பான காரணங்களுக்கு ஒப்புதல் இல்லாமலும் தரவைக் கையாள முதலாளிக்கு இடம் தருகிறது. ஆகவே கம்பெனியின் உள்விதியில் எழுதி வாங்குவதுதான் கைக்கு எட்டும் வழி. உங்கள் கம்பெனியின் க்ளையன்ட் ஐரோப்பியர் என்றால், அந்தத் தடையைக் காட்டி நிர்வாகத்தைக் கேட்டுப் பாருங்கள். க்ளையன்ட் என்ன சொல்வாரோ என்ற யோசனை வந்தால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

*

நிட்டிங் துணி செக்கிங்கில் கேமரா ஏஐ போட்டிருக்கிறோம். ஓட்டை, எண்ணெய்க் கறை, நீடில் லைன் எல்லாம் பெட்டி போட்டுக் காட்டுகிறது. செக்கர்கள் அதை 'ஓகே' அழுத்தினால் போதும். வேலை சுலபமாகிவிட்டது. ஆனால் ஆள்கள் தூங்கி விழுகிறார்கள், கேமரா விட்டதை அவர்களும் விடுகிறார்கள். முன்பு ஓடும் துணியில் ஒரு ஊசி போனால் கண்டுபிடிப்பார்கள்.
— செக்கிங் சூப்பர்வைசர், திருப்பூர்

தூங்குவது சோம்பல் அல்ல. கண்காணிக்க மட்டும் வைத்தால் மனித மூளை அப்படித்தான். நார்மன் மேக்வொர்த் 1948-ல் வெளியிட்ட ஆய்வில், கடிகார முள் எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளுவதைக் கவனிக்க வைத்தார். அரை மணி நேரத்திலேயே கவனம் சரிந்தது. முன்பு உங்கள் செக்கர் தேடினார், முடிவெடுத்தார், துணிக் குறையின் நீளத்துக்கு ஏற்பப் புள்ளி தரும் ஃபோர் பாயின்ட் கணக்கில் 3 அங்குலத்துக்குள் என்றால் 1, 9-ஐத் தாண்டினால் 4 என்று புள்ளி போட்டார். இப்போது மெஷின் போட்ட பெட்டிக்குத் தலையாட்டுகிறார்.

கையும் மறக்கும். போலந்தில் நான்கு மருத்துவ மையங்களில் குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கு ஏஐ கொண்டுவந்த பிறகு, ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளில் மருத்துவர்கள் கட்டியைக் கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4-க்கு இறங்கியது என்று 2025-ல் ஒரு ஆய்வு வந்தது. மருத்துவருக்கே அப்படி.

மாற்றம் இப்படிச் செய்து பாருங்கள். பத்து ரோலில் ஒன்றுக்குப் பெட்டியை மறைத்துவிடுங்கள். செக்கர் முதலில் பார்க்கட்டும், பிறகு கேமரா பார்த்ததோடு ஒப்பிடுங்கள். கேமரா விட்டு அவர் பிடித்ததைப் போர்டில் எழுதுங்கள். பாரி (துணியின் குறுக்கே விழும் பட்டை), ஷேடு வேறுபாடு போன்றவை வெளிச்சம் விழும் கோணத்தைப் பொறுத்தே தெரியும் என்பதால் அங்கேதான் மனிதக் கண் ஜெயிக்க வாய்ப்பு. அரை மணி நேரத்துக்கு ஒரு முறை மெஷினையும் டேபிள் செக்கிங்கையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கிறது என்பது. நீடில் லைன் நீளவாக்கில் ஓடினால் அந்த மெஷினின் ஒரு ஊசி கெட்டிருக்கிறது. மாற்றும்வரை அடுத்தடுத்த ரோலிலும் வரும். எந்த நிட்டிங் மெஷின் என்று பார்த்து, ஃபிட்டருக்கு போன் போட்டு நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தைச் செக்கரிடம் கொடுங்கள். ஹேக்மன், ஓல்டம் என்ற இருவர் 1970-களில் ஒரு வேலை மனதுக்குப் பிடிக்க ஐந்து குணம் சொன்னார்கள்: பலவிதத் திறமைக்கு இடம், வேலை முழுசாகக் கையில் இருப்பது, அதனால் யாருக்காவது பயன், சொந்த முடிவுக்கு இடம், செய்தது சரியா என்று தெரிவது. ஓகே பட்டன் ஐந்தையும் பிடுங்கிக்கொண்டது. அந்த ஒரு போன் காலில் மூன்று நான்காவது திரும்பி வரும்.

*

ஏஐ கொண்டுவந்த பிறகு எங்கேஜ்மென்ட் (ஊழியர் ஈடுபாடு) சர்வே எடுத்தோம். மார்க் 3.6-லிருந்து 3.9. ஆனால் ராஜினாமாவும் கூடியிருக்கிறது. எதை நம்புவது?
— எச்ஆர் எக்ஸிகியூட்டிவ், ஓசூர்

ராஜினாமாவை. போனவர்கள் சர்வே நிரப்புவதில்லை. கசந்து வெளியேறியவர்கள் 20 பேர் என்றால், அவர்கள் இல்லாமலே சராசரி ஏறிவிடும். இரண்டு முறையும் பதில் சொன்ன ஆட்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். அப்படியும் ஏறியிருந்தால்தான் அது ஏற்றம்.

அடுத்த சிக்கல், நீங்கள் எதை அளந்தீர்கள் என்பது. திருப்தி வேறு, ஈடுபாடு வேறு. ஆபீஸ் வண்டி நேரத்துக்கு வருகிறது, வேலை லேசாகிவிட்டது, அதனால் திருப்தி. ஆனால் திங்கட்கிழமை காலை மனது ஒட்டவில்லை. ஈடுபாட்டை அளக்கப் பலரும் பயன்படுத்தும் உட்ரெக்ட் அளவுகோல் உற்சாகம், அர்ப்பணிப்பு, தன்னை மறந்து ஆழ்ந்துபோதல் என மூன்றைத் தனித்தனியே கேட்கிறது. சுருக்க வடிவத்தில் 9 கேள்விதான். ஏஐ வந்த இடங்களில் மூன்றாவதைத் தனியாகப் பாருங்கள். சராசரிக்குள் ஒளிந்துகொள்வது அதுதான்.

எப்போது கேட்டீர்கள் என்பதும் முக்கியம். 2023-ல் ஷகேத் நோய், விட்னி ஜாங் நடத்திய சோதனையில் சாட்ஜிபிடி கொடுத்ததும் எழுத்து வேலைக்கான நேரம் 40 சதவீதம் குறைந்தது, தரம் 18 சதவீதம் கூடியது, திருப்தியும் கூடியது. ஆனால் அது ஒரே அமர்வில் முடிந்த வேலை. ஆறாவது மாதத்தில், டார்கெட்டும் ஏறிய பிறகு என்ன என்பதை அது சொல்லாது. கருவி வருவதற்கு 4 வாரம் முன், வந்த 6-வது வாரம், 6-வது மாதம் என்று மூன்று முறை எடுங்கள். முடிவை அனுபவ வருஷப்படி பிரித்துப் பாருங்கள். பத்துப் பேருக்குக் குறைவான குழுவைத் தனியாகக் காட்டாதீர்கள். யார் சொன்னது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் வந்தால் எல்லாரும் 4 போட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த நான்கு கேள்விகளைச் சேர்த்துப் பாருங்கள்:

ஏஐ மிச்சப்படுத்திய நேரம் எங்கே போகிறது? (கூடுதல் டார்கெட் / ஏஐ செய்த தவறைத் திருத்த / கற்றுக்கொள்ள / வீட்டுக்கு / மிச்சமே ஆகவில்லை)

சந்தேகம் வந்தால் முதலில் கேட்பது யாரை?

ஏஐ சொன்னது தவறு என்று தெரிந்தும் அப்படியே விட்டீர்களா? ஏன்?

உங்கள் முடிவை ஏஐ மாற்றியபோது காரணம் தெரிந்ததா?

மூன்றாவதுக்கு, 'மாற்றினால் விளக்கம் எழுதணும், எதுக்கு வம்பு' என்ற பதில் நிறைய வந்தால், உங்கள் கருவியின் திரையமைப்பே ஆட்களை மந்தமாக்கிக்கொண்டிருக்கிறது.

*

கோடிங்கில் எனக்கு இருந்த ருசியே போய்விட்டது. ஏஐ எழுதுகிறது, நான் படித்துத் திருத்துகிறேன். சீக்கிரம் முடிகிறது, ஆனால் செய்த மாதிரியே இல்லை.
— சாஃப்ட்வேர் டெவலப்பர், திருச்சி

இது உங்களுக்கு மட்டும் அல்ல. 2025-ல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஆய்வில் 3,500-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் முதல் வேலையை ஏஐயோடு செய்தார்கள், அடுத்ததைத் தனியாக. ஏஐயோடு செய்தது நன்றாக வந்தது. தனியாகச் செய்யத் திரும்பியபோது ஆர்வம் குறைந்து சலிப்பு கூடியது. மெஷினோடு ஓடிவிட்டு நடக்கச் சொன்னால் கால் கனக்கிற மாதிரி.

'சீக்கிரம் முடிகிறது' என்பதையும் கடிகாரம் வைத்துப் பாருங்கள். அதே ஆண்டு மீட்டர் என்ற அமெரிக்க ஆய்வுக் குழு, தங்களுக்குப் பழகிய பெரிய திட்டங்களில் வேலை செய்யும் 16 டெவலப்பர்களிடம் 246 வேலைகளைக் கொடுத்தது. ஏஐ அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. முடித்த பிறகும் அவர்கள், 20 சதவீதம் வேகமாகச் செய்தோம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதைய கருவிகளை வைத்து வந்த கணக்கு இது. எல்லா வேலைக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உள்ளுணர்வை நம்பக்கூடாது என்பதற்குப் போதும்.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். கோடைச் சோதிக்கும் டெஸ்ட் எழுதுவது, கான்ஃபிக் (அமைப்பு விவர) ஃபைல், ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுவது எல்லாம் மெஷினுக்கு. டிசைனும், சிக்கலான 'பக்', அதாவது கோடிங் பிழையைத் துரத்துவதும் உங்களுக்கு. அதைக் காலையில், ஏஐயைத் திறப்பதற்கு முன்பே செய்யுங்கள். மெஷினிடம் கேட்பதற்கு முன் 15 நிமிடம், ஒரு தாளில் உங்கள் தீர்வை எழுதிவிடுங்கள். பிறகு கேளுங்கள். அப்போது நீங்கள் வேறொருவர் எழுதியதைத் திருத்தும் ஆள் அல்ல, உங்கள் யோசனையோடு அதை ஒப்பிடும் ஆள்.

*

ஏஐ கொண்டுவந்து ஆள் குறைக்கப்போவதாகப் பேச்சு. தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று சட்டம் உண்டா?
— யூனியன் பொறுப்பாளர், ராணிப்பேட்டை

உண்டு. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர, தொழில்நுட்ப மேம்பாடு என்றால் 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். 1947-ன் தொழில் தகராறு சட்டத்தில் 9-ஏ பிரிவாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்பில் 40-வது பிரிவும் மூன்றாவது அட்டவணையும். 'தொழிலாளி' என்ற வரையறைக்குள் வருகிறவர்களுக்குத்தான் இது; நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது. நோட்டீஸ் வந்ததும் ஆள் எண்ணிக்கையை மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடாதீர்கள். மிஞ்சும் ஆட்களின் டார்கெட் எப்படி மாறும், ஏஐ தவறு செய்தால் மெமோ யாருக்கு, பயிற்சி ஷிஃப்ட் நேரத்திலா வெளியிலா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள்.

*

மேனேஜருக்குத் தெரியாமல் என் சொந்த போனில் இலவச ஏஐயை வைத்து மெயில், ரிப்போர்ட் எல்லாம் எழுதுகிறேன். பாராட்டும் கிடைக்கிறது. உறுத்தலாக இருக்கிறது.
— அக்கவுன்ட்ஸ் உதவியாளர், சேலம்

வாடிக்கையாளர் பெயர், ஜிஎஸ்டி எண், பேங்க் விவரம், சம்பளப் பட்டியல் இதில் எதையாவது அதில் ஒட்டியிருந்தால் இன்றோடு நிறுத்துங்கள், அந்த உரையாடல்களை அழியுங்கள். வெறும் வாக்கியம் திருத்தத்தான் என்றால், மேனேஜரிடம் இப்படித் தொடங்கலாம்: "சார், மாசக் கடைசி ரிமைண்டர் மெயிலை ஏஐ வெச்சுப் போட்டுப் பாத்தேன், 40 நிமிஷ வேலை 10 நிமிஷத்துல முடியுது. பார்ட்டி பேரு எதுவும் போடல. ஆபீஸ்லயே ஒரு அக்கவுன்ட் வாங்கித் தந்தா நல்லாருக்கும்." மிச்சமாகும் 30 நிமிடத்தில் பார்ட்டி லெட்ஜர் ரீகன்சிலேஷனை (கணக்கை ஒத்துப்பார்ப்பதை) முடித்துத் தருகிறேன் என்றும் நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அந்த 30 நிமிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று அவர் முடிவு செய்வார்.